கசா என்று கூப்பிட்டால்

வெள்ளப் பருவம், முதல் மாதம், ஆறாம் நாள்
குஷ் நாட்டுக் கோட்டை

அன்புள்ள அக்கா ஹுனெரோவுக்குத் தம்பி நெப்ரே எழுதிக்கொள்வது. அமுன் உனக்கு ஆயுளும் சுகமும் தரவேண்டும், வயிற்றுப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று விடிந்ததும் வடக்கே பார்த்துக் கும்பிடுகிறேன். நான் நலம். அப்பாவும் அத்தானும் நலமா?

கோட்டைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இங்கே என்னை எல்லாரும் கசா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் ஊர்ப் படகுத்துறையில் கோட்டை வேலைக்கு ஆள் எடுத்த கணக்கர், "கசா யாருப்பா?" என்று கேட்டபோது அத்தானுக்குப் பதிலாக நான் "இருக்கேன்" என்று கையைத் தூக்கினேனே, அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. முதலில் கூப்பிட்டால் திரும்பவே மாட்டேன். "காது கேக்காதவனப் பார்த்து அனுப்பியிருக்கானுங்க" என்று சிரித்தார்கள். இப்போது பழகிவிட்டது. நிறைமாத வயிற்றோடு நீ என் காலைப் பிடித்து அழுதிருக்க வேண்டாம் அக்கா. சும்மா சொல்லியிருந்தாலே போயிருப்பேன். கடிதத்தின் வெளிப்பக்கம் மட்டும் மறக்காமல் கசா என்றே எழுது. ஆள் மாறியது ஊருக்குத் தெரிந்தால் பரவாயில்லை, கோட்டைக்குத் தெரிந்தால் அத்தானுக்கும் எனக்கும் மூக்கு இருக்காது.

இங்கே சாப்பாட்டுக்குக் குறையில்லை. செத்தவர்களுக்குத்தான் ஒன்றும் இல்லை. உடம்பு அழுகாமல் உப்பில் கிடத்த ஆள் கிடையாது, துணி சுற்ற ஆள் கிடையாது. மாட்டுத்தோலில் சுருட்டி மணலில் இறக்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் பேசிக்கொண்டே போய்ப் பேசிக்கொண்டே வருகிறார்கள்.

அதனால் இரண்டு காரியம் உன்னிடம் விடுகிறேன். எனக்கென்று என் முகம் வரைந்து நான் செய்து வைத்த சவப்பெட்டி மாடியில் இருக்கிறது. கறையான் ஏறாமல் பார்த்துக்கொள். அடுத்தது, அப்பா தனக்கும் போய்விட்ட அம்மாவுக்கும் கட்டிவைத்த கல்லறை மண்டபச் சுவர். அப்பா அம்மாவுக்கு முன்னால் நின்று நான் தண்ணீர் வார்ப்பதுபோலக் கரியில் வரைந்துவிட்டு வந்தேன். வண்ணக்காரன் இபுய்யிடம் சொல்லி நிறம் தீட்டச் சொல். தலைக்கு மேலே என் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். எழுதினால் ஒரு கூடை, ஒரு சூரியன், அவ்வளவுதானே என் பெயர். உடம்பு எங்கே கிடந்தாலும் சுவரில் ஆளும் பெயரும் இருந்தால் அப்பா அம்மாவுக்குப் படைக்கிற ரொட்டியிலும் பியரிலும் எனக்கும் பங்கு வரும். பெயர் இல்லாதவனை அந்தப் பக்கத்தில் யார் கூப்பிடப்போகிறார்கள்?

பிள்ளை பிறந்ததும் எழுது. பேறு காக்கும் ஹாத்தோர் உன் பக்கத்தில் இருக்கட்டும்.


வெள்ளப் பருவம், மூன்றாம் மாதம், இருபதாம் நாள்
மேற்குக் கரை, கல்லறைத் தொழிலாளர் ஊர்

என் கண்ணான தம்பி நெப்ரேவுக்கு அக்கா எழுதுவது. உனக்கு நல்ல காற்றும் குளிர்ந்த தண்ணீரும் கிடைக்க அமுனை வேண்டுகிறேன். நானும் உன் அத்தானும் சுகம். ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. அத்தானின் மூக்கு, நல்லவேளை என் நிறம்.

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ படகேறிய சில நாளிலேயே அப்பா மேற்கே போய்விட்டார். பியர்க் குடத்தை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. கஷ்டப்படாமல் போனார் என்று எல்லாரும் சொன்னார்கள். நீ இல்லையே என்று நான் அழுத அழுகை ஊருக்கே கேட்டது. மகன் செய்யவேண்டியதை எல்லாம் அத்தான்தான் செய்தார். செத்தவர் அங்கே பேசவும் உண்ணவும் வாய் திறக்கும் சடங்கில் உளியைத் தலைகீழாகப் பிடித்தார். பூசாரி திருப்பிக் கொடுத்தார்.

அதே வாரத்தில் என் மாமியாரும் போய்ச் சேர்ந்தாள். "உங்க எல்லாரையும் வழியனுப்பிட்டுத்தான் நான் கெளம்புவேன்" என்பாளே, அந்த நம்பிக்கையில் தனக்கென்று ஒரு பலகைகூட வாங்கி வைக்கவில்லை. இந்த வெயிலில் தச்சனைத் தேடி எங்கே ஓடுவது? உன் பெட்டி மாடியில் சும்மாதானே கிடந்தது. எடுத்துக்கொண்டோம். உனக்கு என்ன இப்போது அவசரம்?

இபுய்தான் இழுத்தடித்தான். "பெட்டிக்குத் தாடி இருக்கே, என்ன பண்றது?" என்றான். "சுரண்டு" என்றேன். தாடியை எடுத்துவிட்டுக் காதில் தோடு வரைந்ததும் உன் முகம் அவளுக்கு நன்றாகவே பொருந்திவிட்டது. அந்தக் கிழவியை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை. வெளியே இருந்த உன் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதியாயிற்று. உன் உழவுப் பொம்மைகள், அதாவது மறுமையில் உனக்குப் பதிலாக வேலை செய்யச் செய்து வைத்தாயே, அவற்றைப் பிள்ளையின் தொட்டிலில் விளையாட்டுக்குத் தொங்கவிட்டிருக்கிறேன். உதைத்ததில் ஒன்றின் தலை போய்விட்டது. குழந்தைதானே.

சுவர் வேலையைப் பற்றிக் கவலைப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.


வெள்ளப் பருவம், நான்காம் மாதம், பதினெட்டாம் நாள்
கோட்டை

அன்புள்ள அக்காவுக்கு நெப்ரே. அமுன் உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். நான் சுமார். இங்கே ஒரு காய்ச்சல் சுற்றுகிறது, எனக்கும் வந்து போனது.

அப்பா போனதைப் படித்துவிட்டு மதில்மேல் போய் உட்கார்ந்துகொண்டேன். காவலுக்கு இருந்தவன், "என்ன கசா, ஊர்ல யாராவது?" என்றான். அப்பா என்று சொல்ல வாய் வந்தது. கசாவுக்கு அப்பா செத்துப் பல வருடம் ஆயிற்றே. "மாமனார்" என்றேன். மாமனாருக்கு இவ்வளவு அழுகிறவனை இன்றுதான் பார்க்கிறேன் என்றான். அப்பாவை அப்பா என்று சொல்லி அழக்கூட எனக்கு வழியில்லை அக்கா.

பெட்டி போனால் போகட்டும். அத்தையை வெறும் பாயில் சுருட்டவா முடியும்? திரும்பி வந்து வேறு செய்துகொள்வேன். ஒன்றே ஒன்று. நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். பெட்டிக்குள்ளே, தலைமாட்டில், ஓரமாக, என் பெயரைச் சின்னதாக நானே எழுதியிருக்கிறேன். வெளியே அடித்தாலும் அது உள்ளே இருக்கும். அதை மட்டும் அப்படியே விட்டுவிடு. அத்தைக்கு எழுத்து தெரியாது, தலைக்குப் பின்னால் இருப்பதால் பார்க்கவும் மாட்டாள். மூடி முத்திரை வைத்த இடத்தில் என் பெயர் ஒன்று பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தால்தான் எனக்கு இங்கே தூக்கம் வருகிறது.

பிள்ளைக்கு ஒரு தீக்கோழி இறகு அனுப்பியிருக்கிறேன். சுவரைப் பற்றி எழுது.


விதைப்புப் பருவம், இரண்டாம் மாதம், இரண்டாம் நாள்
ஊர்

அன்புத் தம்பிக்கு அக்கா. சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம். இறகைப் பிள்ளை தின்னப் பார்த்தது, பிடுங்கி வைத்திருக்கிறேன்.

நல்லவேளை நீயாகச் சொன்னாய். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? நீ படித்தவன், யோசிக்கவேண்டாமா? அவளை அங்கே தராசுக்கு முன்னால் நிறுத்தி இதயத்தை ஒரு தட்டில் வைக்கும்போது பெயரைக் கேட்பார்கள். அவள் ஒரு பெயரைச் சொல்ல, பெட்டி வேறு பெயரைச் சொன்னால்? இதயத்தைத் தின்னக் காத்திருக்கிற அந்த முதலைத் தலைக்காரி சும்மா விடுவாளா? அத்தான் கடிதத்தைக் கேட்டுவிட்டுக் குதித்தார். "உன் தம்பி எங்கம்மாவ அங்க மாட்டிவிடப் பார்க்கறானா?" என்றார். நான்தான் சமாதானம் சொன்னேன். உனக்கு அவ்வளவு விவரம் போதாது என்று.

முத்திரையை உடைத்துப் பெட்டியைத் திறந்தோம். நாற்றத்தைப் பற்றி எழுதவேண்டாம். அவளை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொள்ள இபுய் கத்தியால் சுரண்டினான். அழகாகத்தான் எழுதியிருந்தாய், கூடையின் வளைவு ஒரே இழுப்பில். இபுய் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். "ஆகட்டும், நாத்தம் தாங்கல" என்றேன். இப்போது சுத்தமாக இருக்கிறது, உள்ளே ஓரெழுத்து இல்லை.

சுவரில் நீ வரைந்த ஆளுக்குக் காவி தீட்டியாயிற்று. வேட்டி வெள்ளை வெளேரென்று வந்திருக்கிறது. அப்பாவின் கல்லறையில் வைக்கிற நாற்காலிக்கு உன் கோட்டைப் பக்கம் கருங்காலி கிடைக்குமா? அங்கே மலிவு என்கிறார்கள். தலையை வெயிலில் காட்டாதே.


விதைப்புப் பருவம், மூன்றாம் மாதம், ஒன்பதாம் நாள்
கோட்டை

அக்காவுக்கு நெப்ரே. நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

நீ சுரண்டியதைப் பற்றி ஒன்றும் எழுதவேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனாலும் கேட்கிறேன். விட்டுவிடு என்று எழுதியதைத்தானே தேடிப்போய் எடுத்தாய்?

காய்ச்சல் மறுபடியும் வந்துவிட்டது. பக்கத்துப் பாய்க்காரன் போன வாரம் போனான். மேலே கல் சரியாக வைக்கவில்லை, நரி தோண்டிவிட்டது. நான்தான் போய் மூடிவிட்டு வந்தேன்.

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. சுவரில் நிற்கிற ஆளுக்குக் கண் எழுதியாயிற்றா? பெயர் எழுதியாயிற்றா? எனக்கு இப்போது இருப்பது அது ஒன்றுதான்.

கருங்காலி படகில் வருகிறது.


அறுவடைப் பருவம், முதல் மாதம், பதினோராம் நாள்
ஊர்

அன்புத் தம்பிக்கு. சுகம்தானே? இங்கே எல்லாரும் சுகம். பிள்ளை எழுந்து நிற்கிறது. கருங்காலி நல்ல தரம், ஒரு மூலையில் மட்டும் வெடிப்பு. அடுத்த முறை பார்த்து வாங்கு.

நேராகக் கேட்கிறேன் என்று கோபமாக எழுதியிருக்கிறாய். அக்காவிடம் இப்படியா பேசுவது? எல்லாம் முடிந்துவிட்டது. ஆளுக்குக் கண் எழுதியாயிற்று, பெயரும் எழுதியாயிற்று. கொஞ்சம் வயிறு வைத்து வரைந்திருக்கிறான் இபுய். நீ வரைந்தபோது ஒட்டிய வயிறு, அது வீட்டுக்கு லட்சணமாக இல்லை. தலைக்கு மேலே எழுத்து நீலத்தில் கண்ணைப் பறிக்கிறது. மேலே தூக்கிய அந்த இரண்டு கைகள் இருக்கிறதே, விரல்கள்கூடத் தனித்தனியாகத் தெரிகின்றன. திறப்பு நாளில் ஊரே வந்து பார்த்தது. வாத்து அறுத்துப் போட்டோம்.

மேஸ்திரியும் வந்திருந்தார். சுவரைப் படித்துவிட்டு, "யாரு பொதைச்சானோ அவனுக்குத்தான் எடம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அப்பாவின் ஓவியர் இடம் இனி அத்தானுக்கு. கல் சுமந்த தோளுக்கு இப்போதுதான் ஓய்வு. அவருக்குத் தூரிகை பிடிக்க வராது, அது வேறு விஷயம். அவர் வரைந்த நரித்தலை அனுபிஸ் கழுதை மாதிரி இருக்கிறது. பழகிவிடும்.

நீ சந்தோஷப்படுவாய் என்று தெரியும். நன்றாகச் சாப்பிடு.


அறுவடைப் பருவம், இரண்டாம் மாதம், ஐந்தாம் நாள்
கோட்டை

அக்கா,

கும்பிட்டு எழுதக் கை வரவில்லை. நீ சுகமாக இருப்பாய், தெரியும்.

என் பெயரில் கைகள் இல்லை. கூடையும் சூரியனும்தான் என் பெயர். மேலே தூக்கிய இரண்டு கைகள் கசா என்ற பெயரின் முதல் எழுத்து. அதை எனக்கே வர்ணித்து எழுதியிருக்கிறாய், விரல்கள்கூடத் தெரிகின்றன என்று. நான் படிப்பேன் என்று உனக்குத் தோன்றவில்லையா? இல்லை, படித்தால் என்ன செய்துவிடுவான் என்று நினைத்தாயா?

பிறந்ததிலிருந்து நீ கேட்டு நான் இல்லை என்று சொன்னதுண்டா? அத்தானுக்குப் பதிலாக வந்தேன். அவர் பெயரில் சாப்பிடுகிறேன், அவர் பெயரில் அடி வாங்குகிறேன், அவர் பெயரில் காய்ச்சலில் கிடக்கிறேன். அங்கே அவர் என் சுவரில் நிற்கிறார், நான் வரைந்த கால்களில். பாவி, எப்படி உனக்கு மனம் வந்தது? அம்மாவுக்கு அந்த ஆள் தண்ணீர் வார்த்தால் அம்மா குடிப்பாளா?

இங்கே கணக்கரைக் கூப்பிட்டு என் உண்மைப் பெயரைச் சொல்லிவிடலாம் என்று நேற்று வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் தலைநகருக்கு எழுதுவார். அத்தானின் மூக்கும் காதும் போய்விடும். பிள்ளை அந்த முகத்தைப் பார்த்துத்தான் வளரவேண்டும். அதை நினைத்து விழுங்கிவிட்டேன்.

சுவரை மாற்றச் சொல்லவில்லை. அத்தான் இடத்தில் அத்தானே இருக்கட்டும். எங்காவது ஒரு மூலையில் எழுது. கதவுக்குப் பின்னால் எழுது. படத்தில் அம்மாவின் நாற்காலிக்கு அடியில் வாத்து நிற்கிறதே, அதன் காலுக்குக் கீழே எழுது. ஒரு கூடை, ஒரு சூரியன். உன் பிள்ளைகூடக் கரியால் கிறுக்கிவிடும். எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை அனுப்பு. சீக்கிரம் அனுப்பு. என்னால் தூரிகை பிடிக்க முடியவில்லை, இதை முடிக்கவே பகல் போய்விட்டது.

நெப்ரே. நெப்ரே. நெப்ரே. இங்கேயாவது எழுதிக்கொள்கிறேன்.


அறுவடைப் பருவம், நான்காம் மாதம், இருபத்தோராம் நாள்
கோட்டை

கசா அவர்களின் மனைவி ஹுனெரோ அம்மாவுக்குக் கோட்டைக் கணக்கன் பென்னூத் வணக்கத்துடன் எழுதுவது. கடவுளர் உங்களுக்கு மனத்தைரியம் தரவேண்டும்.

உங்கள் கணவர் கசா மேற்கே போய்விட்டார் என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். கடைசிவரை, "ஊரிலிருந்து ஒரு வார்த்தை வந்துதா?" என்று ஒவ்வொரு படகுக்கும் ஆள் அனுப்பிக் கேட்டார். வரவில்லை. நீங்கள் கைக்குழந்தைக்காரி, எழுத நேரம் இருந்திருக்காது என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

எங்களால் ஆனதைச் செய்தோம் அம்மா. கடைசி இரண்டு நாளும் "கூடை, கூடை" என்றே கேட்டார். பேரீச்சங்கூடை ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தோம். தள்ளிவிட்டார். பிறகு "சூரியன்" என்றார். குளிருகிறதாக்கும் என்று வெளியே தூக்கிவந்து வெயிலில் கிடத்தினோம். அப்போதும் தலையை ஆட்டினார். "இன்னும் என்னப்பா வேணும் கசா?" என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தார், பிறகு சிரித்தார். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

நல்ல மனுஷன். எங்கள் கோட்டை வாசலில் அழகான ஒரு சிங்கம் வரைந்து கொடுத்திருக்கிறார். அதனால் மற்றவர்களைப்போல விட்டுவிட மனமில்லை. நல்ல கல் ஒன்று பிடித்து, கசா என்ற பெயரை ஆழமாகவே வெட்டி மேலே நிறுத்தியிருக்கிறோம். மாதப் பிறப்பில் அணியாக நின்று, "கசா, வா, வந்து குடி" என்று பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்றுகிறோம். உங்கள் கணவருக்கு அந்தப் பக்கத்தில் பெயர் இல்லாமல் போகாது. அதை நினைத்து ஆறுதல் அடையுங்கள்.


வெள்ளப் பருவம், இரண்டாம் மாதம், பன்னிரண்டாம் நாள்
ஊர்

கணக்கர் பென்னூத் அவர்களுக்கு ஹுனெரோ வணக்கம். உங்கள் தலைவருக்கும் உங்களுக்கும் நீண்ட ஆயுள் உண்டாகட்டும்.

நீங்கள் செய்த உதவியை மறக்கமாட்டேன். ஒரு சின்ன வேண்டுகோள். அந்தக் கல்லில் இருக்கிற பெயரை அழித்துவிட முடியுமா? கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டால் நல்லது. காரணம் குடும்ப விஷயம், கடிதத்தில் எழுத முடியாது. கல் வெறுமையாக இருந்தால் போதும். உங்களுக்கு எங்கள் ஊர்த் துணி அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து அடுத்த மாதப் பிறப்புக்கு முன்னால் செய்யுங்கள்.


வெள்ளப் பருவம், நான்காம் மாதம், மூன்றாம் நாள்
கோட்டை

ஹுனெரோ அம்மாவுக்குப் பென்னூத். நலமாக இருங்கள்.

துணியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கு முப்பது வருட உத்தியோகம். புருஷன் செத்ததும் அவன் பெயரை அழிக்கச் சொல்லும் பெண்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், இன்றுதான் ஒருத்தியின் கையெழுத்தைப் பார்க்கிறேன். வீட்டுக்கு வேறு ஆள் வந்திருக்கலாம், அது உங்கள் பாடு. செத்தவன் என்ன செய்தான் உங்களுக்கு?

உங்கள் கடிதத்தை அணியில் படித்துக் காட்டினேன். பையன்கள் கொதித்துப்போனார்கள். எழுத்தை இன்னும் ஆழமாக வெட்டி உள்ளே சிவப்பு ஊற்றிவிட்டார்கள், மணல்காற்று எத்தனை வருடம் அடித்தாலும் போகாது. இப்போது மாதப் பிறப்பு மட்டுமில்லை, தினமும் பொழுது சாயும்போது கூப்பிடுகிறார்கள். தொண்டை கிழியக் கூப்பிடுகிறார்கள். கசா வராமல் இருக்கமாட்டார்.


விதைப்புப் பருவம், முதல் மாதம், எட்டாம் நாள்
ஊர்
கிண்ணத்தின் உள்பக்கம் எழுதியது

தம்பி நெப்ரேவுக்கு அக்கா ஹுனெரோ. மேற்கே நீ சுகமாக இருக்கிறாயா? அங்கே காற்று நன்றாக வருகிறதா? செத்தவர்களுக்கு எழுதும்போது கிண்ணத்தில் எழுதவேண்டும் என்கிறார்கள். உனக்குக் கல்லறை இல்லாததால் அப்பா மண்டபத்தில் சுவர் ஆளின் காலடியில் இதை வைக்கிறேன். ரொட்டியும் வைத்திருக்கிறேன், புதிதாகச் சுட்டது.

உன் அத்தான் படுத்துவிட்டார். பகலெல்லாம் நன்றாக இருப்பார், வெங்காயம் கடித்துக்கொண்டு பிள்ளையோடு விளையாடுவார். பொழுது சாய்ந்தால் காதைப் பொத்திக்கொள்கிறார். "ஹுனெரோ, தெற்கேயிருந்து யாரோ கூப்பிடறாங்கடி. ஒருத்தன் ரெண்டு பேர் இல்ல, ஒரு கூட்டமே கூப்பிடுது" என்கிறார். நேற்று எழுந்து வாசல்வரை போய், "வரேன், வரேன்" என்று குரல் கொடுத்தார். உடம்பு பாதியாகிவிட்டது. அந்த வயிறு இப்போது இல்லை. சுவரில்தான் இருக்கிறது.

குறி சொல்கிறவளைக் கூட்டிவந்தேன். அவள் சுவரைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள், என்னைப் பார்த்து எழுந்துவிட்டாள். "பேரைத் திருப்பிக் குடுத்துடு. சுவத்துல கசாவை அழிச்சிட்டு அங்க ஒரு கூடையும் ஒரு சூரியனும் போடு. பேர் போனா கூப்பாடும் போயிடும்" என்றாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். சுவரில் நீ நின்றால் அப்பாவைப் புதைத்தவன் நீ என்று ஆகும். மேஸ்திரி அன்றைக்கே அத்தானை மறுபடி கல் சுமக்க அனுப்புவார். திறப்பு நாளில் வாத்துக்கறி தின்ற ஊர் கைகொட்டிச் சிரிக்கும். உனக்கே தெரியும், எனக்கு அந்த மாதிரி வாழ வராது.

அதனால் வேறு வழி யோசித்தேன். கோபப்படாமல் கேள்.

அவர்கள் அங்கே கூப்பிடுகிறார்கள். யாராவது ஒருவர் "இருக்கேன்" என்று சொல்லிவிட்டால் கூப்பாடு நின்றுவிடும். அத்தான் சொல்லும் முன்னால் நீ சொல்லிவிடு. கசா என்று கூப்பிட்டால் கையைத் தூக்கு. தராசுக்காரர்கள் கேட்டாலும் அதே பெயரைச் சொல். அத்தான் செய்தது ஏதாவது இருந்தால் உன் தட்டில் ஏறும், பொறுத்துக்கொள். அப்படி ஒன்றும் பெரிதாகச் செய்திருக்கமாட்டார். படகுத்துறையில் எவ்வளவு சட்டென்று கையைத் தூக்கினாய், எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அன்று உன் காலைப் பிடித்தேன். பிடித்திருக்க வேண்டாம், சும்மா சொல்லியிருந்தாலே போயிருப்பேன் என்று நீயே எழுதினாய். இப்போது பிடிக்க உன் கால் இல்லை. சும்மா சொல்கிறேன்.

முகவரிக்குப் பெயர் இல்லாவிட்டால் கடிதம் போய்ச் சேராது என்று குறிக்காரி சொன்னதால்தான் மேலே உன் பெயரை எழுதினேன். நீ கேட்ட மாதிரியே கூடையும் சூரியனும். இபுய்யிடம் கேட்காமல் நானே போட்டேன், கூடை கொஞ்சம் கோணல். பானைக்கரி மைதான். குடிக்கத் தண்ணீர் ஊற்றுகிறேன், நீ தாகத்தோடு போனவன், கிண்ணம் நிறைய ஊற்றுகிறேன். ஊற ஊற மை கரைந்துவிடும். அதற்குள் இதைப் படித்துவிடு.

அதற்குப் பிறகு நீ கசா.